மருத்துவருக்குச் சொன்ன பாதி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். தொலைபேசியில் பேசியிருக்கலாம். பேசினால் நான் குரலை உயர்த்துவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். காகிதத்தில் எனக்குக் கத்தத் தெரியாது. முப்பத்து நான்கு வருடம் நீதிமன்றத்தில் ஊரார் சண்டையைச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்து கொடுத்த கை, சொந்தச் சண்டையையும் நிதானமாகத்தான் எழுதும்.

செவ்வாய்க்கிழமை உன் மனைவி பேசினாள். உனக்குத் தெரியாமல்தான். அவளைத் திட்டாதே. "குளிச்சுட்டு வந்து துண்டை உதறுறதுக்குள்ள கட்டில்ல உக்காந்துடுறார் அண்ணி. சட்டைப் பட்டன் போட ரெண்டு தடவை மூச்சு வாங்குறார்," என்றாள். கிரேன் ஏணியில் பாதியில் நின்றுவிடுகிறாயாம். துறைமுக மருத்துவமனையில் குழாயில் ஊதச் சொன்னார்களாம். சிகரெட்டால் வந்த நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று சொல்லி ஓர் இன்ஹேலர் கொடுத்தார்களாம்.

ஒரே ஒரு கேள்வி. பதினான்கு வயது வரை உனக்கு வீசிங் இருந்ததை அந்த மருத்துவரிடம் சொன்னாயா?

மற்றதைப் பிறகு பேசலாம். நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் சம்மன் மாதிரி வந்தது. உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் வைத்திருந்தேன்.

என் கிரேனுக்கு நூற்றுப் பதினெட்டுப் படி. நாலு நிமிடத்தில் ஏறுவேன், காதில் ஒரு சிகரெட்டைச் செருகிக்கொண்டு. இப்போது பதினேழு நிமிடம். நாற்பதாவது படியில் ஒரு முறை, எழுபதில் ஒரு முறை, தொண்ணூறுக்கு மேல் ஐந்து படிக்கு ஒரு முறை நிற்கிறேன். கீழே நின்று கொடி காட்டுகிறவரை நாங்கள் கொடிமரம் என்போம், அவ்வளவு உயரம். அவர் கத்துவார்: "யோவ், நீ மேல போய்ச் சேர்றதுக்குள்ள கப்பல் அடுத்த துறைமுகத்துக்குப் போயிடும்யா." சிரித்தால் இன்னும் மூச்சு வாங்கும் என்று தெரிந்தே கத்துவார்.

உன் கேள்விக்குப் பதில்: சொல்லவில்லை.

மருத்துவர் கேட்டார். கேட்கும்போது அவர் மேசையில் என் பணிக்கோப்பு திறந்திருந்தது. முதல் தாளே நான் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த உடல்தகுதிப் படிவம். "சிறுவயதில் இரைப்பு நோய் உண்டா? இல்லை." அது நீ தட்டச்சு செய்த தாள், அக்கா. உன் அலுவலக இயந்திரத்தில் அந்த 'லை' மட்டும் வரியை விட்டுச் சற்று மேலே ஏறி நிற்கும். முப்பத்தொரு வருடம் கழித்தும் ஏறித்தான் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே "இல்லீங்க டாக்டர்" என்றேன். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது. சில சமயம் எனக்கே அதுதான் உண்மை என்று தோன்றும்.

ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருக்கிறது. பொய் சொல்லி வேலையில் சேர்ந்தவன் என்று இப்போது தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மற்றபடி, ஆறு வருடத்துக்கு முன் உன் வீட்டுப் படியில் நீ வைத்த நிபந்தனை இன்னும் என்னால் நிறைவேறவில்லை. ஒரு நாளைக்கு எட்டுக்குக் குறைத்திருக்கிறேன். எட்டும் சிகரெட்தான், எனக்குத் தெரியும்.

தம்பி


மார்ச் 21

அன்புள்ள தம்பி,

அந்தப் பொய் உன்னுடையது இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அப்போது உனக்கு இருபத்தாறு வயது, மூன்று வருடமாக வேலை இல்லை. படிவத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, இந்தக் கேள்விக்கு என்ன போடுவது என்று கேட்டாய். நான் உன்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடமாக வராத நோய், போனது போனதுதான் என்று நினைத்து அடித்துக் கொடுத்தேன். நாள் முழுக்க அடுத்தவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறவள் என்று எனக்கு அலுவலகத்தில் பெயர். என் வேலைக்காலத்தில் நான் தெரிந்தே அடித்த பொய் அது ஒன்றுதான்.

அம்மா தையல் ஆலையில் காலை ஷிஃப்டுக்குப் போன பிறகுதான் உனக்கு இழுக்கும். மேசைமேல் இரண்டு தலையணை போட்டு, அதன்மேல் நீ கவிழ்ந்து சாய்ந்துகொள்ள உட்கார வைத்து, முதுகில் உள்ளங்கையை வைத்திருப்பேன். சத்தம் கைக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் உனக்கு 'விசில்' என்று பெயர் வைத்தார்கள். நீ இருபது வயதில் முதல் சிகரெட்டைப் பற்றவைத்தது அந்தப் பெயரைக் கழுவத்தான் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். உன் சேக்காளிகள் முன்னால் புகையை விட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாயே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பல வருடம் முன்பு ஓர் இழப்பீட்டு வழக்கில் நுரையீரல் மருத்துவர் ஒருவர் சாட்சி சொன்னார். நான்தான் அதைச் சுருக்கெழுத்தில் எடுத்தேன். ஆலைத் தொழிலாளி ஒருவர், சின்ன வயதில் ஆஸ்துமா, பெரியவரானதும் சிகரெட். எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. "ஆஸ்துமாவா, புகை நோயா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க டாக்டர்." அவர் சொன்னது எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது: "ஒரு வீட்டுல ரெண்டு குடித்தனம் இருக்கக் கூடாதுன்னு ஏதாவது சட்டம் இருக்கா ஐயா?"

இரண்டும் சேர்ந்திருந்தால் மருந்து வேறு என்றார். புகை நோய்க்கு மூச்சுக்குழாயைத் திறந்துவிடும் மருந்து மட்டும் கொடுத்தால் பல பேருக்குப் போதும். ஆஸ்துமாவும் இருக்கிறவருக்கு அது போதாது, உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தணிக்கிற மருந்தும் கூடவே போக வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து என்றார். ஆபத்து என்ற சொல்லை அடித்தபோது எனக்கு உன் நினைவு வரவில்லை. இப்போது வருகிறது.

துறைமுகத்துக்கு வெளியே ஒரு மருத்துவரைப் பார். அங்கே உன் கோப்பு கிடையாது. இல்லையென்றால் நானே உன் துறைமுக மருத்துவமனைப் பெரிய டாக்டருக்கு எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

எழுதாதே. என்னைக் கேட்காமல் அவருக்கு ஒரு வரி எழுதினாலும் நமக்குள் இருக்கிற இந்தக் கடிதமும் நின்றுவிடும். இது மிரட்டல் இல்லை. பயம்.

நீ சொன்னபடி வெளியே ஒரு மருத்துவரிடம் போனேன். பெண். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். சிறுவயது வீசிங், விசில் என்ற பெயர், தலையணை, எல்லாம் சொன்னேன். எனக்கே கேட்க நன்றாக இருந்தது. எழுதிக்கொண்டே வந்தவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, "புகை பிடிப்பீங்களா?" என்று கேட்டார். நீ ஏற்றி வைப்பாயே, அதே மாதிரி.

வாயைத் திறந்தேன். "பழக்கமில்லீங்க" என்று வந்துவிட்டது.

சட்டையில் வாசனை அடித்திருக்கும். அவர் கண்ணாடியை மறுபடி இறக்கிக்கொண்டு ஆஸ்துமாவுக்கு ஓர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். இப்போது என்னிடம் இரண்டு இருக்கின்றன. வலது பையில் துறைமுகம், இடது பையில் அந்தம்மா. கொடிமரம் பார்த்துவிட்டு, "ரெண்டு பொண்டாட்டிக்காரன் கணக்கா இருக்கே" என்றார்.

இடது பைக்காரி ஒத்துவரவில்லை. இரண்டு வாரத்தில் நாக்கெல்லாம் வெள்ளையாக, எது தின்றாலும் எரிச்சல். விட்டுவிட்டேன். வலது பை போதும், உறிஞ்சினால் உடனே கொஞ்சம் திறக்கிறது.

இன்னொன்று, சொல்லாமலே விடலாம் என்றிருந்தேன். போன வருடம் ஜூனில் கிரேனுக்கு ஓர் உதிரிப்பாகம் வாங்க உன் ஊருக்கு அனுப்பினார்கள். வேலை பதினொரு மணிக்கு முடிந்துவிட்டது. உன் தெருவுக்கு வந்தேன். எதிரில் சைக்கிள் பழுது பார்க்கிற கடையில் முக்கால் மணி நேரம் நின்றேன். நீ மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாய். ஒரு போர்வையைத் தனியாகப் பிழிய முடியாமல் கம்பியில் ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையை முறுக்கினாய். வந்து பிடித்திருப்பேன். கையில் சிகரெட் இருந்தது. எறிந்துவிட்டேன், ஆனால் வாசனையை எங்கே எறிவது? பேருந்து நிலையத்துக்குத் திரும்பிவிட்டேன்.

நீ இளைத்திருக்கிறாய்.

தம்பி


ஏப்ரல் 27

தம்பி,

நீ கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து படிக்கிறாய் என்று உன் மனைவி சொன்னதால் எழுதுகிறேன். நடந்ததை அவள் சொல்லக் கேட்டு, தெரிந்தவரை இங்கே வரிசைப்படுத்திக்கொண்டேன்.

பத்தொன்பதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு நீ மேலே போய்ச் சேர்ந்தாய். ஒன்பதரைக்கு நெஞ்சு அடைத்தது. வலது பை இன்ஹேலரை உறிஞ்சினாய், மறுபடி உறிஞ்சினாய், காலியாகும் வரை உறிஞ்சினாய். கீழே கொடிமரம் மூன்று முறை கொடி காட்டியிருக்கிறார். கொக்கி அசையவில்லை. அவர் பதில் கத்தலுக்குக் காத்திருக்காமல் ஏறிவிட்டார். பக்கத்துக் கிரேனில் ஆள் தூக்கும் கூடை மாட்டி, உன்னை அதில் கட்டி இறக்கினார்கள். இறங்கும்போது உன் உதடு நீலமாக இருந்தது. மூன்று நாள் ஆக்சிஜன்.

எனக்கு அன்று பிற்பகல் தகவல் வந்தது. பையைக் கட்டிக்கொண்டு பேருந்து நிலையம் வரை வந்துவிட்டேன். அங்கே உன் மனைவி மறுபடி பேசினாள். "வர வேண்டாம்னு சைகை காட்டுறார் அண்ணி. குணமாகி அவரே வருவாராம். இப்படிக் கிடக்கிறதை நீங்க பார்க்கக் கூடாதாம்." இரண்டு பேருந்தைப் போகவிட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து பையை அவிழ்த்தேன்.

நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு நீ ஆறு வருடம் கட்டுப்பட்டாய். நீ சொன்னதற்கு நான் ஒரு பிற்பகல் கட்டுப்பட்டுப் பார்த்தேன். எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

இதனுடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். உனக்கு இரண்டு வயது முதல் பதினான்கு வயது வரை ஆஸ்துமா இருந்தது, இருபது வயது முதல் புகைக்கிறாய், பணிப்படிவத்தில் 'இல்லை' என்று அடித்தவள் நான் என்று தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாருக்கும் நானாக அனுப்ப மாட்டேன். டாக்டரிடம் கொடுப்பதோ கிழிப்பதோ உன் கையில். கிழித்தால் எனக்குச் சொல்ல வேண்டாம்.

அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தாளை இரண்டு நாள் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். கிழிக்க ஒரு முறை மடித்தேன். மடிப்பு இன்னும் இருக்கிறது. மூன்றாம் நாள் பெரிய டாக்டர் வந்தபோது கொடுத்துவிட்டேன். கொடுத்த கையோடு அந்தம்மா எழுதிய சீட்டையும் கொடுத்தேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டையும் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பட்டார், ஆனால் படிவத்துக்காக இல்லை. "எனக்குப் பாதி, அந்தம்மாவுக்குப் பாதி. முழு ஆளை யாருய்யா பார்க்கிறது?" என்றார்.

அவரே தொடர்ந்தார். முதல் முறை வந்தபோது, ஒரு தடவை ஊதிவிட்டு, மருந்து உறிஞ்சி இருபது நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். அது எனக்கு மறந்தே போயிருந்தது. மறுநாள் இரண்டு தடவையும் ஊத வைத்தார்கள். முதல் ஊதல் ஒரு லிட்டர் முந்நூறு மில்லி. மருந்துக்குப் பிறகு ஒன்றே முக்கால். என் வயதுக்கும் உயரத்துக்கும் மூன்றுக்கு மேல் வர வேண்டுமாம். மருந்தால் இவ்வளவு ஏறுவது ஆஸ்துமாவின் கைவரிசை, ஏறியும் எட்டாமல் நிற்கிற மிச்சம் சிகரெட்டின் கைவரிசை என்றார். இரத்தத்திலும் ஆஸ்துமாக்காரர்களுக்குக் கூடுகிற ஏதோ ஓர் அணு கூடியிருக்கிறதாம். உன் வழக்கு டாக்டர் சொன்ன இரண்டு குடித்தனத்தைச் சொன்னேன். முதல் முறையாகச் சிரித்தார்.

இப்போது ஒரே இன்ஹேலர், உள்ளே இரண்டு வேலைக்கும் மருந்து. உறிஞ்சியதும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டுமாம். அந்த வெள்ளை நாக்குக்கு அதுதான் வைத்தியம். அந்தம்மாவின் நர்ஸ் அன்றைக்கே, "இருங்க சார், எப்படி எடுக்கணும்னு காட்டறேன்" என்றாள். பொய் சொன்ன கூச்சத்தில் நான் வேகமாக வெளியே வந்துவிட்டேன்.

வீங்கின பாகம் அடங்கும், புகை அரித்த பாகம் திரும்பாது. இதை அவர் மெதுவாகச் சொன்னார். புகைத்துக்கொண்டிருந்தால் இந்த மருந்துகூடச் சரியாகக் கேட்காதாம்.

இனிமேல் கிரேன் இல்லை. எடைமேடை அறையில் உட்கார்ந்து லாரி எடையைக் குறிக்கும் வேலை. கேபினில் என் போர்வையும் ஒரு ரேடியோவும் இருந்தன. கொடிமரம் போய் எடுத்து வந்தார். "மேல இருந்து பார்த்தா நானே குட்டையாத் தெரியறேன்யா," என்றார். வேறு ஏதோ சொல்ல வந்து அதைச் சொன்னார்.

உண்மையைக் கோப்பில் எழுதாமல் விட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிர்வாகம் விளக்கம் கேட்டிருக்கிறது. என் கையெழுத்துப் போட்ட படிவம், என் பொய் என்று எழுதிக் கொடுத்தேன். உன் தாள் மருத்துவரிடம் மட்டும்தான் இருக்கும். ஜூலையில் விசாரணை.

இருபத்திரண்டு நாளாகச் சிகரெட் இல்லை. அதில் மூன்று நாள் ஆக்சிஜன் குழாய், கணக்கில் சேர்க்கலாமா தெரியவில்லை.

தம்பி


மே 18

அன்புள்ள தம்பி,

ஜூலை விசாரணைக்கு நான் வருவேன். யார் அடித்தது என்று கேட்டால் எழுந்து நிற்பேன். இதில் உன் சம்மதம் கேட்கவில்லை. சாட்சிக்கூண்டுக்கு இந்தப் பக்கமே முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்துவிட்டேன், ஒரு நாள் அந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன்.

அடுத்தது, நான் உனக்குச் சொல்ல வேண்டியது. உன் அத்தான் இறந்த மறுநாள். வீடு முழுக்க ஆட்கள். நான் அவர் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். பின்படிக்கட்டிலிருந்து உன் சிகரெட் வாசனை வந்தது. அவர் போனது இதயத்தால்தான், புகைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அந்த வாசனை வந்ததும், கையில் இருந்த சட்டை உன்னுடையது போலத் தெரிந்தது. அடுத்து உன்னுடையதை மடிக்கப் போகிறேன் என்று தெரிந்தது. எழுந்து வந்து, "அதை விட்டுட்டு இந்தப் படி ஏறு, இல்லைன்னா ஏறாதே" என்றேன். நீ என்ன கேட்டிருப்பாய் என்று இப்போது புரிகிறது. நான் சொன்னது அது இல்லை. செத்துப் போகாதே என்று சொன்னேன்.

அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். நிபந்தனை எதுவும் இல்லை. விட்டுவிட்டும் வரலாம், விடாமலும் வரலாம், வாயில் வைத்துக்கொண்டே வந்தாலும் கதவு திறந்திருக்கும். திட்டுவேன், அது வேறு.

சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டேன், போன ஜூனில் இப்படி ஓர் ஆள் வந்து நின்றாரா என்று. "டயர் வாங்கற மாதிரி பார்த்துட்டே நின்னாரும்மா, கடைசியில காத்துகூட அடிக்கல," என்றார்.

தினமும் சாயங்காலம் அந்தப் பக்கம் பார்க்கிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு அன்றைக்கே பதில் எழுதினேன். நாற்பது நாள் ஆனதும் அனுப்பலாம், எண்ணிக்கை அழகாக இருக்கும் என்று வைத்திருந்தேன். முப்பத்தைந்தாம் நாள் எடைமேடைக்குப் பின்னால் ஒரு லாரி ஓட்டுநர் நீட்டினார். வாங்கிப் பற்றவைத்தேன். பாதி வரை இழுத்தேன். மீதியை அணைத்தேன் என்று எழுதினால் நீ நம்புவாய். அணைக்கவில்லை, முழுக்கப் பிடித்தேன். எழுதி வைத்திருந்த அந்தப் பதிலைக் கிழித்துவிட்டேன்.

மறுநாள் பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன், அவர் கேட்பதற்கு முன்னால். தலையாட்டினார். "சரி, இன்னிக்கு ஒண்ணுன்னு எண்ணுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அந்தப் பெண் மருத்துவரிடமும் போனேன். புகைப்பதுண்டு என்று சொன்னேன். "அன்னிக்கே தெரியும் சார், நீங்களா சொல்லணும்னு இருந்தேன்," என்றார். கண்ணாடியை ஏற்றித்தான் வைத்துக்கொண்டார்.

இன்று பதின்மூன்றாம் நாள். நாளை பதினான்கு என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

ஏணி இல்லாமல் காலுக்கு வேலையே இல்லாதது போல இருக்கிறது. மதியம் லாரி வராத நேரத்தில் கொடிமரம் வந்து உட்கார்ந்து உன்னைப் பற்றி விசாரிப்பார். நீ எனக்கு முதுகில் கை வைத்துச் சத்தம் பார்த்ததைச் சொன்னேன். "இங்க உக்காந்து என்னய்யா பண்றே?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். நிலையத்தில் பதினொன்றரைக்கு இறங்குவேன். அங்கிருந்து உன் வீடு வரை மேடு. மற்றவர்களுக்கு எட்டு நிமிட நடை, எனக்கு அரை மணி ஆகலாம். பாலத்துக்கிட்டே ஒரு முறை, தபால் நிலையத்துக்கிட்டே ஒரு முறை உட்காருவேன், அதற்கு மேல் நினைத்த இடத்தில் நிற்பேன். ஆட்டோ அனுப்பாதே. எதிரே வராதே.

மாடியில் நின்று பார்க்கவும் வேண்டாம், அக்கா. நீ பார்க்கிறாய் என்று தெரிந்தால் நிற்காமல் ஏறப் பார்ப்பேன்.

தம்பி